ஒன்பதாவது சொட்டு

இருபது நிமிஷம் என்று நர்ஸ் சொன்னாள். பதினொன்று பத்துக்குச் சொன்னாள். இப்போது பதினொன்று பன்னிரண்டு. பெனிட்டா என் மடியில் குப்புறக் கிடக்கிறாள், மேலே சட்டையில்லாமல், முதுகில் நீலப் பேனாவால் ஒன்றிலிருந்து பத்து வரை எண் எழுதி. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு மருந்து, சொட்டுக்கு நடுவில் ஊசி நுனியால் ஒரு சின்னக் குத்து. குத்தும்போது வீறிட்டாள். இப்போது விசும்பல்தான், அதுவும் விட்டு விட்டு, அழுததே மறந்துபோய் நடுவில் நினைவு வந்தது போல. ஜெசிந்தா எதிரில் தரையில் குத்தவைத்துப் பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்திருக்கிறாள், முதுகைச் சொறிந்துவிடக் கூடாது என்று. கால் என் பொறுப்பு. முழங்காலுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து லேசாக அமுக்கிப் பிடித்திருக்கிறேன். பதினாறு மாதக் கால். சூடாக இருக்கிறது, அல்லது என் கை சூடாக இருக்கிறது. எது தடிக்குதோ அதுதான் ஆகாதது என்று நர்ஸ் விரலால் தொடாமல் காட்டிக் காட்டிச் சொன்னாள், ரெண்டு பால், மூணு முட்டை, நாலு கோதுமை, அஞ்சு நிலக்கடலை, ஆறு மீன், ஏழு இறால், எட்டு துவரம்பருப்பு. ஒன்று கட்டாயம் தடிக்கும், பத்து தடிக்கவே தடிக்காது, அந்த ரெண்டும் சரிபார்க்கத்தான், பயப்படாதீங்க. ஒன்பதை அவள் சொன்னாளா, நான்தான் கேட்காமல் விட்டேனா. கேட்க என்ன இருக்கிறது. ஒன்பது என்ன என்று எனக்குத் தெரியும்.

ஒன்பது முதலில் கிடையாது. பால், முட்டை என்று தாளில் எழுதிக்கொண்டே வந்த டாக்டரம்மா, பேனாவை மூடப் போகிற நேரத்தில், சும்மா கேட்கிற மாதிரி, அப்பா என்ன வேலை பாக்காங்க என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெசிந்தா, பேக்கரில மக்ரூன் போடுதாவ டாக்டர், பன்னெண்டு வருசமா அதே வேலதான் என்றாள், கொஞ்சம் பெருமையாகக்கூட. மக்ரூன்ல முந்திரிதானே என்றார் டாக்டர். முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும், வேற ஒண்ணுமில்ல என்று சொன்னது நான்தான், வேலை பற்றி யார் கேட்டாலும் சொல்கிற அதே பதில், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்ப முந்திரியும் ஒண்ணு வச்சிருவோம் என்று டாக்டர் எழுதினார். ஜெசிந்தா சிரித்துவிட்டாள். எங்க வீட்டுல முந்திரி வாங்குறதே இல்ல டாக்டர், இவ்வொளுக்கு அந்த வாசனையே ஆகாது, வேலை முடிஞ்சு வந்தா அதப் பத்திப் பேசவே கூடாதும்பாவ. உண்மைதான். பன்னிரண்டு வருஷம் ஒரே வாசனையில் நின்றவனுக்கு அது பிடிக்காது. ஆனால் அந்த வாசனை என்னைவிட்டுப் போவதும் இல்லை. நகக்கண்ணில் இருக்கும். சட்டை மடிப்பில், காதுக்குப் பின்னால், புருவத்தில் மாவு மாதிரி. இன்றைக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு அடுக்கு மக்ரூன் மாவு அடித்துத் தட்டில் ஊற்றிவிட்டு, பத்தரைக்கு லீவு சொல்லிவிட்டு, பேக்கரியிலிருந்து நேராக இங்கே நடந்து வந்தேன். கை கழுவினேன். சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவினேன். சட்டை மாற்றவில்லை. மாற்றுச் சட்டை கொண்டு போகவில்லை. கொண்டு போயிருக்கலாம், நேற்றே யோசித்தேன், யோசித்து, பையில் சட்டை எடுத்து வைத்தால் எதுக்கு என்று கேட்பாள், கேட்டால் என்ன சொல்வது என்று வைக்காமல் விட்டேன். பதினொன்று பதினான்கு.

சாயங்காலம் ஆறேமுக்கால், ஏழு மணிக்கு நான் வீட்டுப்படி ஏறும்போதே பெனிட்டாவுக்குத் தெரிந்துவிடும். தவழ்ந்த காலத்திலிருந்தே அப்படி. வாசலுக்கு வந்து என் காலைப் பிடித்து எழுந்து நிற்பாள், நின்றதும் என் கையைத்தான் தேடுவாள், சுட்டுவிரலை இழுத்து வாயில் வைத்துக்கொள்வாள். முதலில் ஒரு நாள் தற்செயல். விரலில் காய்ந்த துணுக்கு ஒட்டியிருந்திருக்கும், இனித்திருக்கும், கண்ணை அகல விரித்து என்னை ஒரு பார்வை பார்த்தாளே. அம்மாவிடம் பால் இருக்கிறது. அப்பனிடம் என்ன இருக்கிறது என்று எனக்குள் ஒரு குறை இருந்திருக்க வேண்டும், அந்தப் பார்வையில் அது தீர்ந்துபோனது. பிறகு நானே வேலை முடிந்து கிளம்பும்போது கை கழுவுவதை அரைகுறையாக விட்டேன். அப்புறம் தட்டில் உடைந்த தூளில் விரலைத் தொட்டுக்கொண்டு வந்தேன். ஒரு மிளகு அளவு. அதற்கு மேல் இல்லை, சத்தியமாக அதற்கு மேல் இல்லை. ஜெசிந்தா அடுப்படியில் இருப்பாள், அவளுக்குத் தெரியாது. ஒளித்துச் செய்யவில்லை, சொல்லும் அளவுக்கு அது ஒரு விஷயமாக இல்லை, அவ்வளவுதான். விரலைச் சப்புகிற பிள்ளையைப் பற்றி என்ன சொல்வது. அதற்குப் பிறகுதான் தடிப்பு வர ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் என்பது இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. வாயைச் சுற்றிச் சிவப்பு, கழுத்து மடிப்பில் சொரசொரப்பு, சில நாள் வயிற்றுப்போக்கு, ராத்திரி முழுக்கச் சொறிந்து சொறிந்து காலையில் விரிப்பில் ரத்தக்கோடு. முன்பு பார்த்த டாக்டர், தாய் சாப்பிடுறது பால் வழியாப் போகலாம், ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க, எழுதி வைங்க என்றார். அன்றைக்கு ஜெசிந்தா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினாள்.

"மூணு செவக்குது பாருங்க" என்கிறாள் ஜெசிந்தா. அது பயமா நம்பிக்கையா தெரியவில்லை. குனிந்து பார்க்கிறேன். "இல்ல, அது பேனா மை." "மையா அது?" "மைதான்." ஒன்று நன்றாகத் தடித்துவிட்டது, கொசுக்கடி மாதிரி. அது தடிக்க வேண்டியதுதான். மூன்று முட்டை. மூன்று தடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். முட்டை என்றால் உலகத்தில் நிறையப் பிள்ளைக்கு ஆகாது, அதில் யார் குற்றமும் இல்லை, முட்டையை நிறுத்திவிட்டுப் போய்விடலாம். மாதாவே, முட்டை தடிக்கட்டும். என்ன வேண்டுகிறேன் நான். பெற்ற பிள்ளைக்கு ஒரு சாப்பாடு வாழ்நாளைக்கும் ஆகாமல் போகட்டும் என்று வேண்டுகிறேன். மீனாவது தடிக்கட்டும் என்கிறேன் அடுத்த நொடி. கடற்கரை ஊரில் பிறந்த பிள்ளைக்கு மீன் ஆகாமல் போகட்டுமாம். ஒன்பதைப் பார்க்காமல் மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறேன். பார்க்காவிட்டால் அது தடிக்காது என்பது போல.

முதலில் பாலை விட்டாள், தயிர், டீ எல்லாம். மூன்றாம் வாரம் முட்டை. பிறகு கோதுமை. பிறகு மீன், அதை விட்ட அன்றைக்கு எனக்கு மட்டும் சாளைக் குழம்பு வைத்துவிட்டு, வாசனை வராத தூரத்தில் போய் உட்கார்ந்து வெறும் சோற்றைத் தின்றாள். பிள்ளை வயிற்றில் இருந்தபோது இருந்த கன்னம் இப்போது இல்லை. வளையல் முழங்கை வரை ஏறுகிறது. லூர்து அக்கா வந்தபோதெல்லாம் ஒன்றையே சொன்னாள். என் கூடப்பிறந்தவள், மனசில் பட்டதை வாயில் வைத்திருக்கத் தெரியாதவள். ஏட்டி, பால மறக்கடி, ஒன்னரை வயசாகப் போவுது, ஒன் பால்லதான் வெசம் இருக்கு, இது தெரியாம நோட்டு எழுதிக்கிட்டு இருக்க. ஜெசிந்தா அழவில்லை, பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு ராத்திரி நான், அக்கா சொல்லுததுலயும் ஒரு இது இருக்குல்லா என்றேன். ஒரு இது. அந்த ஒரு இதுக்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் பால் கொடுக்கும்போது பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு மிடறுக்கும், ஊற்றுகிற எதுவோ பிள்ளைக்குள் என்ன செய்கிறது என்று காத்திருக்கிறவள் மாதிரி. தாய் முகத்தில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. பதினொன்று பதினெட்டு.

பதினோரு நாளைக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளையின் மேல் உதடு வீங்கியது. வாயிலிருந்து என் விரலை எடுத்துக் கால் மணி நேரம் இருக்கும். தேனீ கொட்டினது மாதிரி உதடு திரண்டு, பேச வராத வாயில் ஒரு கோணல். அரை மணியில் வடிந்துவிட்டது. ஜெசிந்தா நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தாள், பிள்ளை மடியை விட்டு இறங்கவில்லை, நீங்க எழுதுங்க என்று என்னிடம் தந்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவை அந்த நோட்டைத் திறந்தேன். தேதி, கிழமை, அவள் சாப்பிட்டது, பிள்ளைக்கு வந்தது. ஏழு மணி, ஏழேகால், ஏழரை. பக்கம் பக்கமாக அதே நேரம். நடுவில் அங்கங்கே இல்லை, இல்லை என்று ஒரு வார்த்தை. அந்த இல்லை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. எல்லா ஞாயிறும். ஜெசிந்தாவும் அதைக் கண்டுபிடித்து அடியில் கோடு போட்டிருந்தாள், பூசைக்குப் போற நாள் என்று பக்கத்தில் எழுதியிருந்தாள். அதனால்தான் அந்த மாதம் முழுக்கத் தினப்பூசைக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஞாயிறு பூசை நாள். ஞாயிறு பேக்கரி லீவு. பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன எழுதணும் என்று கேட்டேன். உதடு வீக்கம்னு எழுதுங்க என்றாள். உதடு வீக்கம் என்று எழுதினேன். ஏழு பத்து என்று எழுதினேன். வேறொன்றும் எழுதவில்லை.

விரல் கொடுப்பதை அன்றோடு நிறுத்திவிட்டேன். அதைச் சொல்லிக்கொள்ள வேண்டும், நிறுத்திவிட்டேன். பிள்ளை தேடி அழுதது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நிறுத்திவிட்டால் தானாகச் சரியாகிவிடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்பது என் கணக்கு. தடிப்பு குறைந்தது. ஆனால் மறுநாள் சனிக்கிழமைதான் ஜெசிந்தா துவரம்பருப்பை விட்டிருந்தாள். மூன்றாம் நாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். பருப்புதான்ங்க, பாருங்க, பருப்புதான், கண்டுபிடிச்சிட்டேன். எத்தனை மாதத்துக்கு அப்புறம் அந்த முகத்தில் சிரிப்பு. ஆமா, பருப்பாத்தான் இருக்கும் என்றேன். அந்தச் சிரிப்புக்காகச் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன், நிற்கவில்லை. ஐந்தாம் நாள், வேலைச் சட்டையோடு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டிருந்தேன், கன்னம் முழுக்கத் திட்டுத் திட்டாக எழுந்தது. அன்றைக்குத் தேங்காயையும் விட்டாள். இப்போது சோறு, சுரைக்காய், உப்பு. நேற்றும் அதுதான். என்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் படியேறினேன். படியேறியதும் நாளைக்கு. சொல்வது பெரிதில்லை, விரலைப் பற்றிச் சொல்லிவிடலாம், தெரியாமல் செய்தது. அன்றைக்கே ஏன் சொல்லலை என்று கேட்பாளே, அதற்கு என்ன பதில். ஒவ்வொரு நாள் போகப் போக அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே போகிறது, விரல் சின்னதாகிக்கொண்டே போகிறது.

"டாக்டர் பால நிறுத்தச் சொன்னா நிறுத்திருவேன்" என்கிறாள் ஜெசிந்தா, பிள்ளையின் தலையைப் பார்த்துக்கொண்டு. "லூர்து மைனி சொன்னதுதான் சரின்னு வச்சுக்கிடுதேன். எனக்கு வருத்தமில்ல. புள்ள நல்லாருந்தாப் போதும்." இப்போது சொல்லிவிடலாம். "ஜெசி" என்கிறேன். "என்ன?" என்று நிமிர்கிறாள். கண்ணுக்குக் கீழே கருத்த குழி. "கால் மரத்துப்போச்சா, கொஞ்சம் மேல உக்காரு." "இல்ல, இருக்கட்டும்." பதினொன்று இருபத்துநான்கு. ஆறு நிமிஷம் இருக்கிறது. தோல் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டால் அது ஒரு மாதிரி. தோல் சொன்ன பிறகு சொன்னால் அது வேறு மாதிரி. தோல் சொல்லாமலே போனால்? ஒன்பது தடிக்காமலே போனால் வாழ்நாளுக்கும் சொல்ல வேண்டியதில்லை. பார்த்துவிட்டேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டேன். ஒன்பதைச் சுற்றி ரோஜா நிறத்தில் ஒரு வட்டம், நடுவில் வெளுத்து, மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது. மெதுவாக. எனக்குத் தெரிந்த மாதிரிதான் எழும்புகிறது, அடுப்பில் வைத்த மக்ரூன் நுனி எழும்புவதை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஜெசிந்தா அதைப் பார்க்கவில்லை. அவள் கண் மூன்றிலும் இரண்டிலும் எட்டிலும்தான் இருக்கிறது. அவள் சாப்பிட்டவற்றில்.

நர்ஸ் ஒரு சின்ன ஸ்கேலோடு வருகிறாள். நேரமாகவில்லையே என்று எனக்குள் ஒரு பதற்றம், இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கே. குனிந்தவள் முதுகைப் பார்க்காமல் நிற்கிறாள். "கைய எடுங்க சார்." எந்தக் கை. "கால்ல வச்சிருக்கிற கைய எடுங்க." எடுக்கிறேன். முழங்காலுக்குப் பின்னால், தொடையின் பாதி வரை, சிவந்து தடித்து, ஐந்து விரலும் உள்ளங்கையுமாக ஒரு பெரிய கை. என் கை. அச்சு எடுத்தது மாதிரி, மோதிரம் அழுத்திய இடம்கூடத் தனியாக. நான் கையை எடுத்த பிறகும் அங்கே ஒரு கை பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. "இங்க நான் ஒண்ணுமே வைக்கலையே" என்கிறாள் நர்ஸ். "இது எங்கருந்து வந்துச்சு?" ஜெசிந்தா பார்க்கிறாள். காலைப் பார்க்கிறாள், அப்புறம் என் கையை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் தொடையில் வைக்கிறேன், அந்தத் தொடைமேல்தான் பிள்ளை கிடக்கிறது, எடுத்துவிடுகிறேன். காற்றில் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

"சாயங்காலம் வந்ததும் வெரல்ல குடுப்பேன்" என்கிறேன். என் குரல் சாதாரணமாக இருக்கிறது, கடையில் சாமான் கேட்கிற குரல். "மக்ரூன் தூள். கொஞ்சோண்டு. ரொம்ப நாளா." "யாருக்கு?" என்கிறாள் ஜெசிந்தா. "பாப்பாவுக்கு." நர்ஸ் ஸ்கேலை வைத்து ஒன்பதை அளந்தாள், ஏழு மில்லிமீட்டர் என்று தாளில் எழுதினாள், மற்றதெல்லாம் ஒண்ணுமில்ல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டாள். பெனிட்டா கையை விடுவித்துக்கொள்ளத் திமிறுகிறாள். ஜெசிந்தா விடவில்லை. பிள்ளையை என் மடியிலிருந்து மெதுவாகத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொள்கிறாள், முதுகில் உள்ள சொட்டு எதுவும் கலையாமல். எழுந்து எதிர்ச் சுவர்ப் பக்கம் போய் நிற்கிறாள். "தெரிஞ்சு எத்தன நாளாச்சு?" இதுதான் அந்தக் கேள்வி. இன்றைக்குத்தான் என்று சொல்லலாம். இப்போதுதான், உன்னோடு சேர்ந்துதான் என்று சொல்லலாம், நம்புவாள். "பதினோரு நாளு" என்கிறேன். அவள் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. எண்ணுகிறாள். திட்டுவாள் என்று காத்திருக்கிறேன், திட்டினால் நன்றாக இருக்கும். "பருப்புன்னு நான் சொன்னப்ப" என்று ஆரம்பித்தாள். பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

டாக்டரம்மா பெனிட்டாவின் காலைத் திருப்பிப் பார்த்தார். வாயில் மருந்து ஊற்றினார்கள், அரை மணி நேரம் கட்டிலில் வைத்திருந்தார்கள், கை மாதிரி இருந்தது மெல்ல வெளிறியது. தாய்ப்பால் நிறுத்த வேண்டாம், முந்திரி மட்டும் நீங்களும் தொடாதீங்க, மத்ததெல்லாம் நீங்க சாப்பிடலாம் என்றார். "பால்ல ஒண்ணுமில்லையா டாக்டர்?" என்றாள் ஜெசிந்தா. "ஒண்ணுமில்லம்மா." "எம் பால்ல?" "ஒங்க பால் நல்லாத்தான் இருக்கு." மூன்றாவது தடவையும் கேட்டாள், டாக்டர் மூன்றாவது தடவையும் சொன்னார், பொறுமையாக. பிறகு என் பக்கம் திரும்பினார். வேலை முடிந்து குளிக்காமல், துணி மாற்றாமல் பிள்ளையைத் தொடக் கூடாது, அந்தத் துணியை இவர்கள் துணியோடு துவைக்கக் கூடாது. வாந்தி எடுத்தாலோ, நாக்கு தடித்தாலோ, மூச்சில் சத்தம் வந்தாலோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அந்த நிமிஷமே கொண்டு வரணும். "இதுவரைக்கும் தோலோட நின்னுருக்கு. அடுத்த தடவையும் தோலோட நிக்கும்னு என்னால சொல்ல முடியாது." எழுதிக் கொடுத்த தாளை நான் வாங்கக் கை நீட்டினேன். ஜெசிந்தா வாங்கிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாப்பில் நல்ல வெயில். அவள் ஒரு தூணோரம், நான் அடுத்த தூணோரம். அவள் தோளில் பெனிட்டா தலையைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு தடவை சிரித்தாள்கூட. நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் ரோட்டைப் பார்த்தேன். இந்த வேலையை விட்டால் வேறு என்ன தெரியும் எனக்கு. விடாவிட்டால் தினமும் அந்தப் படியேற வேண்டும், ஒவ்வொரு மடிப்பிலும் அதை வைத்துக்கொண்டு. பஸ் கூட்டமாக வந்தது. படி உயரம். ஜெசிந்தா ஒரு கையில் பையும் ஒரு கையில் பிள்ளையுமாக முன்வாசலில் நின்றாள், கம்பியைப் பிடிக்கக் கை இல்லை. எப்போதும் இந்த இடத்தில் நான் வாங்கிக்கொள்வேன். ஓடிப் போய்க் கையை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் கையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு நடுவயசு அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "யக்கா, இதக் கொஞ்சம் புடிங்க" என்று பிள்ளையை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு ஏறினாள். நான் பின்வாசலில் தொற்றினேன். நடுவில் இருபது முப்பது தலை. எட்டிப் பார்த்தால் அந்த அம்மாவின் மடியில் பெனிட்டாவின் தலைமுடி மட்டும் தெரிந்தது. ஜெசிந்தா இன்னும் கூட்டத்தில் சிக்கி அவர்களிடம் போய்ச் சேரவில்லை. அந்த அம்மா பிள்ளையிடம் ஏதோ கொஞ்சிவிட்டு, மடியில் இருந்த கூடைக்குள் கையை விட்டார்.

"குடுக்காதீங்க!" என்று கத்தினேன். பஸ் முழுக்கத் திரும்பியது. "எதையும் குடுக்காதீங்கம்மா, அந்தப் புள்ளைக்கு ஆகாது!" கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அந்த அம்மா பயந்து போய்க் கையை வெளியே எடுத்தார், கையில் ஒரு கைக்குட்டை இருந்தது, பிள்ளையின் மூக்கைத் துடைக்க. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஜெசிந்தா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளையை வாங்கினாள், வாயைத் திறந்து விரல் விட்டு உள்ளே பார்த்தாள். திரும்பவில்லை. பஸ் கிளம்பியது.